பத்துக்குப் பத்து வாங்கிய கழிப்பறை

மரகதம் எக்ஸ்போர்ட்ஸில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டி முடித்த அன்றே அதைப் பூட்டிவிட்டார்கள்.

பூட்டியவர் பெர்சனல் ஆபீசர் மனோகரன். சாவியைத் தன் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இன்ஸ்பெக்சன் முடியட்டும்" என்றார்.

அது 1996. கம்பெனி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்தது. ஹாலந்துக்குச் சட்டை தைத்து அனுப்பியது. அந்த வருடம் ஹாலந்திலிருந்து மாதிரிச் சட்டையோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்தது. தொழிலாளிகளை எப்படி நடத்த வேண்டும் என்று அதில் விதிகள் இருந்தன. முதலாளி பக்தவத்சலம் அதை மனோகரனிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னார்.

"இது கட்டாயம் இல்லையாம் சார். நாமளா விரும்பி ஏத்துக்கணுமாம்."

"விரும்பலைன்னா?"

"ஆர்டர் இல்லையாம்."

பக்தவத்சலம் விரும்பினார்.

பெரும்பாலான விதிகள் சுவரில் ஆணி அடித்தால் தீர்ந்துவிடுபவை. முதலுதவிப் பெட்டி மாட்டினார்கள். மணல் வாளி மாட்டினார்கள். விதிகளையே தமிழில் எழுதிக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். கழிப்பறையை மட்டும் மாட்ட முடியாது. கட்டத்தான் வேண்டியிருந்தது.

பழைய கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. எல்லோருக்கும் அது ஒன்றுதான். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போகும் பெண் இன்னொருத்தியைக் கூட்டிப்போவாள். அவள் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒருத்திக்கு வந்தால் இரண்டு மெஷின் நிற்கும்.

லைன் சூப்பர்வைசர் கஜபதிக்கு இதுதான் கவலை. இந்தக் கவலையில் பெரும்பங்கு பஞ்சவர்ணம்.

பஞ்சவர்ணம் காலர் தைப்பவள். காலர் வராவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவளுக்குச் சர்க்கரை. வீடு திருநின்றவூரில். மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து வந்து, கார்டில் நேரம் குத்துவதற்கு முன் ஜெனரேட்டர் பக்கம் போவாள். பிறகும் போவாள். அதன் பிறகும் போவாள். ஒவ்வொரு முறையும் அடுத்த மெஷினில் சட்டைக் கை தைக்கும் ஜெயசீலியைக் கதவு பிடிக்கக் கூட்டிப்போவாள்.

கஜபதி அவளுக்கு இரண்டு மெமோ கொடுத்திருந்தார். மூன்றாவது மெமோ வாங்கியவர்கள் வீட்டுக்குப் போவது கம்பெனி வழக்கம்.

"இன்னா அண்ணாத்தே, சர்க்கரை பண்ற வேலைக்கு எனக்கு மெமோ குடுக்கற. சர்க்கரைக்குக் குடு."

"சர்க்கரை என் லைன்ல வேலை செய்யல. நீதான் செய்யற."

அதனால் புதுக் கழிப்பறைக்குக் கடைக்கால் தோண்டிய நாளிலிருந்து பஞ்சவர்ணம் தினமும் போய்ப் பார்த்தாள். சொந்த வீடு கட்டுகிறவள் பார்ப்பது போலப் பார்த்தாள். சுவர் எழும்பியது. வெள்ளை டைல்ஸ் பதித்தார்கள். கண்ணாடி வந்தது. சோப்பு வந்தது. கடைசியில் பூட்டு வந்தது.

முதல் இன்ஸ்பெக்சனுக்கு நகரத்திலிருந்து ஒரு ஏஜென்சி ஆள் வந்தார். பெண்கள் கழிப்பறைக்குள் நுழைய அவருக்குக் கூச்சம். மனோகரன் கதவைத் திறந்து காட்டினார். வந்தவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். டைல்ஸில் அவர் முகமே தெரிந்தது.

சுத்தம், பத்துக்குப் பத்து.

முதல் கிரேடு என்று சான்றிதழ் வந்தது. பக்தவத்சலம் அதைத் தன் அறையில் வெங்கடாசலபதிக்கு அடுத்த ஆணியில் மாட்டினார்.

மறுநாள் பஞ்சவர்ணம் மனோகரன் மேஜைக்கு முன் போய் நின்றாள்.

"சார், இன்ஸ்பெக்சன் முடிஞ்சுபோச்சே. தொறக்கலாம் இல்ல?"

"அடுத்த வருஷம் மறுபடி வருவாங்கம்மா. என்னைக்குன்னு சொல்ல மாட்டாங்க."

"அதுக்கு?"

"என்னைக்கு வந்தாலும் சுத்தமா இருக்கணும் இல்ல?"

"யாரும் போவாத எடம் சுத்தமாத்தான் சார் கீதும். எங்க ஊரு ஏரி நடுவுல போய்ப் பாரு. அதுவும் சுத்தமாத்தான் கீது."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்" என்றார் மனோகரன்.

கழிப்பறையின் பெயர் தொழிற்பேட்டையில் பரவியது. மற்ற முதலாளிகள் பார்க்க வந்தார்கள். மனோகரன் செருப்பை வெளியே விடச் சொல்லி உள்ளே அழைத்துப்போனார். சிலர் சோப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். பக்கத்து பிளாஸ்டிக் வாளிக் கம்பெனி முதலாளி அளவெடுத்துக்கொண்டு போய் அதே மாதிரி கட்டி, அதே மாதிரி பூட்டினார்.

ஆயுத பூஜை வந்தது. தையல் மெஷின், கத்திரிக்கோல், ஜெனரேட்டர், முதலாளியின் அம்பாசிடர் எல்லாவற்றுக்கும் வாட்ச்மேன் வேம்புலி சந்தனம் குங்குமம் வைத்தார். கழிப்பறைக் கதவுக்குப் பட்டையாகச் சந்தனம் பூசினார். பூட்டுக்குத் தனியாக ஒரு பொட்டு வைத்தார். மனோகரன் கற்பூரத் தட்டோடு ஒவ்வோர் இடமாக வந்தார். கழிப்பறை முன்னாலும் காட்டினார். பஞ்சவர்ணம் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஜெயசீலியைக் கூட்டிக்கொண்டு ஜெனரேட்டர் பக்கம் போனாள்.

அடுத்த ஆடி மாதம் ஒரு ஃபேக்ஸ் வந்தது.

சுவரில் மாட்டும் சான்றிதழை வைத்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது என்று ஹாலந்தில் யாரோ பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். அதனால் இனிமேல் விதிகள் நடைமுறையில் இருக்கின்றனவா என்று தொழிலாளிகளிடமே கேட்கப்போகிறார்கள். கேட்க ஒரு பெண் வருவார். யாரைக் கேட்பது என்று அவரே தேர்ந்தெடுப்பார். எந்த நாளிலும் வரலாம்.

மனோகரன் அன்று சாப்பாட்டு வேளை முடிந்ததும் பெண்களைத் துணி வெட்டும் மேஜையைச் சுற்றி நிற்கவைத்தார்.

"கழிப்பறையைப் பயன்படுத்துறீங்களான்னு கேப்பாங்க. என்ன சொல்லணும்? 'தினமும் பயன்படுத்துறோம்.' எங்க, எல்லாரும் சொல்லுங்க."

"தினமும் பயன்படுத்துறோம்" என்றார்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

ஜெயசீலி வாயைத் திறக்கவில்லை.

"உனக்கென்னம்மா?"

"சார், நான் மாதா கோயில்ல மரியாயின் சேனையில இருக்கேன். பொய் சொன்னா பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும். என்ன பொய்னு சாமியார் கேப்பார். கக்கூஸ் விஷயம்னு அவர்கிட்ட எப்படி சார் சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். மனோகரன் சிரிக்கவில்லை.

"அப்போ அவங்க வர்ற அன்னைக்கு நீ லீவு போட்டுடு."

"என்னைக்கு சார் வர்றாங்க?"

அது மனோகரனுக்கும் தெரியாது. அவர் நெற்றியைத் தடவினார். அப்போது பஞ்சவர்ணம் பின்வரிசையிலிருந்து பேசினாள்.

"சார், ஒரு வாட்டி அவள உள்ள வுட்டுடேன். அப்பால அவ சொல்றது பொய் இல்லியே."

மனோகரன் யோசித்தார். யோசித்துப் பார்த்ததில் குற்றம் எதுவும் தெரியவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்தார்.

ஜெயசீலி போனாள். மற்றவர்கள் ஜன்னலில் நெருக்கியடித்து நின்று பார்த்தார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"எப்டிடி கீது?" என்றாள் பஞ்சவர்ணம்.

"தாழ்ப்பாள் இருக்குக்கா. ரெண்டு."

ஜன்னலை விட்டு நகர்ந்து எல்லோரும் மனோகரனைச் சூழ்ந்தார்கள்.

பிறகு பொத்தான் தைக்கும் பொன்னியம்மா முன்னால் வந்தாள். மஞ்சள் சேலை கட்டியிருந்தாள்.

"திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டிகினு மஞ்ச கட்டிகினு கீறேன் சார். நான் மட்டும் பொய் சொல்லலாமா?"

ஆடி மாதம். ஹாலில் பாதிக்கு மேல் மஞ்சள். மஞ்சள் கட்டாதவர்களுக்கும் சனிக்கிழமை விரதம், மாங்காடு நெய்விளக்கு என்று ஏதாவது ஒன்று நினைவுக்கு வந்தது. ஒருத்தரை விட்டு ஒருத்தரை மறுக்க மனோகரனால் முடியவில்லை. சாமி விஷயம். சாவியைக் கையில் பிடித்தபடி மாலை வரை கழிப்பறை வாசலில் நின்றார்.

பஞ்சவர்ணம் கடைசியாக வந்தாள்.

"உனக்கு என்ன வேண்டுதல்?"

"எனுக்கு வேண்டுதல்லாம் ஒண்ணும் இல்ல சார். சர்க்கரைதான்."

அவளையும் விட்டார். அவள் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. உள்ளே இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுத் திறந்து, போட்டுத் திறந்து பார்க்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் ஜெயசீலி மனோகரன் மேஜைக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் பஞ்சவர்ணம் நின்றாள்.

"சார், நேத்து போனது நேத்தோட சரி. நீங்க 'தினமும்'னு சொல்லச் சொன்னீங்க."

"அதனால?"

"இன்னைக்கும் போனாத்தான் சார் தினமும்."

மனோகரன் அவளைத் தாண்டிப் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார்.

"நீ சொல்லிக் குடுத்தியா?"

"நானா? நான் இன்னா சார், மாதா கோயிலுக்கா போறேன்?"

சாவி வெளியே வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. கொஞ்ச நாளில் மனோகரனுக்குத் திறந்து பூட்டி அலுத்துவிட்டது. பூட்டு கொண்டியில் சும்மா தொங்கியது. பிறகு அதுவும் காணாமல் போய், வேம்புலியின் சைக்கிளில் தெரிந்தது.

மனோகரனுக்குக் கஷ்டகாலம் தொடங்கியது. தரை எப்போதும் ஈரமாக இருந்தது. கண்ணாடியில் ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. முகம் கழுவும்போது எடுத்து ஒட்டியவர்கள் அங்கேயே மறந்துவிட்டார்கள். வாஷ்பேசினில் கனகாம்பரம் கிடந்தது. ஒரு வருடமாகப் பெயர் அழியாமல் இருந்த சோப்பு பிறைநிலா மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவர் உள்ளே போய் நகத்தால் பொட்டுகளைச் சுரண்டினார். திரும்பிப் பார்ப்பதற்குள் புதிதாக ஒட்டியிருந்தார்கள். முதலாளியிடம் சொல்லவில்லை. முதலாளி சான்றிதழைத்தான் பார்ப்பார், கழிப்பறையைப் பார்ப்பதில்லை.

ஏஜென்சிப் பெண் ஒரு மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினார். பெயர் பத்மா. மனோகரன் குளிர்பானத்தோடு ஓடிப்போய் வரவேற்றார்.

"வாங்க மேடம். உக்காருங்க. முதல்ல ரெகார்டெல்லாம்…"

"பாத்ரூம் எங்க இருக்கு?"

"அது கடைசியில மேடம். முதல்ல முதலுதவிப் பெட்டி…"

"சார். பாத்ரூம்."

மனோகரன் கையைக் காட்டினார். பத்மா ஏறக்குறைய ஓடினார். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

"இன்னா சார், உள்ள போய் தாப்பா போட்டுகினாங்க" என்றார் வேம்புலி. "செக்கிங்கா?"

"செக்கிங்தான்" என்றார் மனோகரன்.

பத்மா திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. குளிர்பானத்தை வாங்கிக் குடித்தார்.

"காலையில இருந்து கம்பெனி கம்பெனியா சுத்தறேன் சார். எல்லா எடத்துலயும் டாய்லெட் பளபளன்னு இருக்கு. எதுலயும் குழாய்ல தண்ணி வரல. பக்கத்துல செக்கிங் முடிஞ்சு, நான் யூஸ் பண்ணணும்னதும் ஒருத்தர் சாவி எடுத்துட்டு வரேன்னு போனார். நான் கிளம்பற வரைக்கும் வரல."

மனோகரனுக்குப் பெருமையாக இருந்தது. முதல் தடவையாக அந்த ஈரத் தரையை நினைத்துப் பெருமைப்பட்டார்.

பத்மா வருகைப் பதிவேட்டைப் புரட்டி, சிலரைத் தனித்தனியாகக் கூப்பிட்டார். ஜெயசீலியும் பஞ்சவர்ணமும் அதில் இருந்தார்கள்.

"கழிப்பறை யூஸ் பண்றீங்களா?"

"தினமும் பயன்படுத்துறோம்" என்றாள் ஜெயசீலி. நற்கருணை வாங்கப் போகிற முகம்.

பஞ்சவர்ணத்திடமும் அதையே கேட்டார்.

"தினமும் இன்னா மேடம், மணிக்கு ஒரு வாட்டி."

பிறகு பத்மா பேனாவை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். தரையைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். சோப்பைப் பார்த்தார். எழுதினார். மனோகரன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

சுத்தம், பத்துக்கு ஆறு.

"மேடம்! நீங்களே உள்ள போனீங்களே!"

"போனேனே. அதனாலதான் தெரியும். தரை ஈரம்."

"ஆளுங்க போறாங்க மேடம். அதனால ஈரம். அதை எழுதலாமே."

"அதுக்குக் கட்டம் இல்லை சார். சுத்தத்துக்குத்தான் கட்டம்."

"தொழிலாளிங்ககிட்ட கேட்டீங்களே?"

"அதுக்கு 'ஆம்', 'இல்லை' ரெண்டுதான். எல்லாக் கம்பெனியிலயும் ஆம்னு சொல்றாங்க. அதனால அதுக்கு மார்க் குடுக்கறதில்லை."

"பக்கத்து வாளிக் கம்பெனிக்கு எவ்வளவு?"

"அதைச் சொல்லக்கூடாது" என்றார் பத்மா. சொல்லாமலே மனோகரனுக்குத் தெரிந்தது.

ஆட்டோவில் ஏறுவதற்கு முன் பத்மா நின்றார். இன்னும் ஒரு கம்பெனி பாக்கி என்றார். மறுபடி ஒரு முறை உள்ளே போய்விட்டு வந்து ஏறினார்.

சான்றிதழ் சில வாரத்தில் வந்தது. இரண்டாம் கிரேடு. பக்தவத்சலம் அதைக் கையில் வைத்துக்கொண்டு மனோகரனைக் கூப்பிட்டார்.

"வாளி செய்யறவன் முதல் கிரேடு. நான் ரெண்டாவதா? யார்யா பூட்டத் திறந்தது?"

மனோகரன் மரியாயின் சேனையிலிருந்து தொடங்கினார். பாவசங்கீர்த்தனம், திருவேற்காடு, 'தினமும்' எல்லாம் சொன்னார்.

"இத்தனையும் யார் கிளப்பினது?"

பஞ்சவர்ணத்தின் பெயர் வெளியே வந்தது.

"அவளுக்கு ஏற்கெனவே ரெண்டு மெமோ இருக்கு இல்ல? மூணாவதை அடி. அடிக்கடி எழுந்து போறான்னு அடி. கஜபதியைக் கூப்பிடு, கையெழுத்து போடட்டும். நாளையிலேருந்து பூட்டு."

மெமோ தட்டச்சாகி வந்தது. கஜபதி உள்ளே போனார். பஞ்சவர்ணத்தை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவள் சுவரில் சாய்ந்து, கால்மேல் கால் பின்னிக்கொண்டு நின்றாள்.

"இன்னா யம்மோ, பயமா?" என்றார் வேம்புலி.

"பயம் இல்ல. வருது."

"போய்ட்டு வாயேன்."

"போனா, அதுக்கும் சேத்து எழுதிப்புடுவான். கம்முனு இரு."

உள்ளே கஜபதி மெமோவைப் படித்தார். பேனாவைத் தொடவில்லை.

"எதுக்கு சார் இது?"

"சீட்ல இருக்கறதில்லன்னு. நீதானே ரெண்டு குடுத்தே?"

"அது அப்போ சார். அப்போ கதவு புடிக்க ஒருத்திய இட்டுகினு போவா. போற வழில ரெண்டு பேரும் கதை பேசுவாங்க. ரெண்டு மிஷினு நிக்கும். இப்போ தாப்பா கீது. ஒருத்தி போறா, வர்றா. காலரு நிக்கறதே இல்ல."

"அதனால?"

"இந்த வாட்டி சரக்கு கப்பலுக்கு முன்னாடியே ரெடியாச்சே. ஏன்னு நெனச்சீங்க?"

பக்தவத்சலம் சான்றிதழ் ஆணிக்குப் பக்கத்து ஆணியைப் பார்த்தார்.

"நான் திருப்பதிக்கு வேண்டிக்கிட்டேன்யா."

"வேண்டிக்கோங்க சார். வேணாம்னு சொல்லல. கக்கூஸயும் பூட்டிக்கோங்க. ஆனா கப்பலு போயிடிச்சின்னா சரக்க ஏரோப்ளேன்ல நீங்கதான் உங்க காசுல அனுப்பணும்."

ஏரோப்ளேன் என்ற வார்த்தை தொழிற்பேட்டையில் சட்டை தைக்கிற எந்த முதலாளியிடமும் சொல்லக்கூடாதது. இரண்டு வருடம் முன்பு பக்தவத்சலம் ஒரே ஒரு தடவை அப்படி அனுப்பினார். அந்த வருடம் அவர் வீட்டில் தீபாவளிக்குப் பட்டாசு வாங்கவில்லை.

"ஹாலந்துக்காரன் கிரேடு கேட்டா?" என்றார் மெதுவாக.

மனோகரன் தொண்டையைக் கனைத்தார். "இன்னைக்குக் காலையில ஃபேக்ஸ் வந்திருக்கு சார். அடுத்த ஆர்டர். போன வருஷம் மாதிரியே. சரக்கு நேரத்துக்கு வந்ததுக்கு நன்றின்னு போட்டிருக்காங்க."

"கிரேடு பத்தி?"

"ஒண்ணும் இல்ல சார்."

"போன வருஷம் முதல் கிரேடு வாங்கினோமே, அதைப் பத்தி அப்போ எழுதினாங்களா?"

"அப்பவும் இல்ல சார்."

பக்தவத்சலம் ஆணியில் இருந்த பழைய சான்றிதழைப் பார்த்தார். பிறகு புதிய சான்றிதழை மேஜை இழுப்பறைக்குள் போட்டார். பழையது ஆணியிலேயே இருந்தது.

"வாளிக்காரன் கேட்டா இதைக் காட்டுவோம்" என்றார்.

கஜபதி வெளியே வந்தார். பஞ்சவர்ணம் நிமிர்ந்தாள்.

"இங்க இன்னா நின்னுகினு கீற? காலர யாரு தைப்பா?"

"மெமோ?"

"ஒண்ணும் கெடயாது. போம்மே."

அவள் போனாள். மெஷின் இருக்கும் திசையில் இல்லை.

"ஏய், எங்க போற?"

அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு வேம்புலி எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தார். போன வருடம் பொட்டு வைத்த பூட்டுக்கு இந்த வருடம் வைக்காமல் விடக்கூடாது என்று, சைக்கிளிலிருந்து எடுக்காமலே அதற்கும் வைத்தார். மனோகரன் கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு ஹாலைச் சுற்றி, ஜெனரேட்டரைச் சுற்றி, கழிப்பறை வாசலுக்கு வந்தார். முதலாளி பின்னால் வந்தார். எல்லோரும் பின்னால் வந்தார்கள்.

வேம்புலி சந்தனக் கிண்ணத்தோடு கதவில் கை வைத்தார்.

"ஆள் கீது" என்றது உள்ளிருந்து பஞ்சவர்ணத்தின் குரல்.

மனோகரன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கஜபதியைப் பார்த்தார். கஜபதி மேலே பார்த்தார்.

காற்று அடித்தது. மனோகரன் கற்பூரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார்.